வேட்டித் துணியில் ஓர் ஐம்படை

பெரியாழ்வார் கண்ணனைத் தொட்டிலில் இட்டுப் பாடிய பதிகத்தைச் சேவிக்கும்போதெல்லாம், பேறுகாலம் நடந்த ஒரு வீட்டின் கூடம் என் கண்முன் வரும். யார் யார் என்னென்ன கொண்டுவந்தார்கள் என்று ஒரு பெரியவர் மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பது போன்ற பதிகம் அது. பிரமன் பொன்னாலான தொட்டிலை அனுப்புகிறான். ஈசன் அரையில் கட்டும் வடம் கொடுத்தனுப்புகிறான். இந்திரன் கிண்கிணி தருகிறான். குபேரன் ஐம்படையையும் ஆரத்தையும் எடுத்துக்கொண்டு தானே வந்து தொழுது நிற்கிறான். பூமிப்பிராட்டியின் சீரில் இடையில் கட்டும் கச்சும் இருக்கிறது. மேனிக்கு மஞ்சள், கண்ணுக்கு மை என்று சின்னஞ்சிறு பொருள்களையும் ஆழ்வார் விடவில்லை. 34 ஆண்டுகள் வங்கியில் வரவும் செலவும் எழுதியவள் என்பதால், அந்தப் பட்டியலின் மேல் எனக்குத் தனிப் பிரியம். தையல் தெரிந்தவள் என்பதால், அந்தக் கச்சின் மேல் இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

ஆயர்பாடிக்கு வானுலகிலிருந்து சீர் வந்தது. நம் வீடுகளில் பிறந்த குழந்தையின் மேனியில் முதலில் படுவது பழந்துணி. தாத்தாவின் வேட்டியையோ பாட்டியின் நூற்புடைவையையோ கிழித்துத்தான் முதல் சுற்றுத்துணி, முதல் லங்கோடு எல்லாம். பதினோராம் நாள் புண்ணியாகவாசனம் ஆகும் வரையில் புதுத் துணி கிடையாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். கண்ணேறு படக்கூடாது என்று பெரியவர்கள் காரணம் சொல்வார்கள். தையல் இயந்திரத்தின் முன் உட்கார்பவள் சொல்லும் காரணம் வேறு. கடையிலிருந்து வரும் துணியில் கஞ்சிப் பசை இருக்கும், சாயம் இருக்கும், இழை முரடாக இருக்கும். நூறு தடவை துவைத்த வேட்டியில் இவை ஒன்றும் இல்லை. ஈரத்தை உடனே உறிஞ்சும், வெயிலில் உடனே காயும். இரண்டு காரணங்களும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன.

இன்னொரு வழக்கமும் உண்டு. குழந்தை பிறப்பதற்கு முன் அதற்கென்று எதையும் தைத்துவைக்கக் கூடாது. என் தாயார் இதில் ஒரு நுட்பம் வைத்திருந்தார். மகளோ மருமகளோ முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தவுடன் பழைய வேட்டிகளையும் புடைவைகளையும் தேர்ந்தெடுத்து, கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்து மடித்துவைத்துவிடுவார். கத்தரியும் ஊசியும் மட்டும் படாது. பிறந்த செய்தி வந்த அரைமணி நேரத்தில் இயந்திரம் ஓடத் தொடங்கிவிடும்.

அந்த இயந்திரம் கையால் சுற்றும் பழைய இயந்திரம். நான் அதில் முதன்முதலில் தைத்தது மரப்பாச்சிக்குப் பாவாடை. ஒவ்வொரு நவராத்திரிக்கும் செம்மரத்தாலான அந்த இணைக்குப் புதுத் துணி கட்டிக் கொலுவில் வைப்பது எங்கள் வீட்டுப் பெண்குழந்தைகளின் வேலை. ஒரு சாண் உயரப் பொம்மைக்குப் பாவாடைக் கொசுவம் எடுக்கப் பழகிய கைக்கு, பிற்பாடு குழந்தைச் சட்டை பெரிய வேலையாகத் தோன்றவில்லை. வங்கியில் ஊர் ஊராக மாற்றல் வந்தபோதும் அந்த இயந்திரம் என்னோடு வந்தது. பணி ஓய்வுக்குப் பின் திருவரங்கத்தில் குடியேறியபோது ஜன்னலோரத்தில் அதற்கு நிரந்தரமாக ஓர் இடம் கிடைத்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்குனி மாதத்தில், தலைப்பிரசவத்துக்காக என் மகள் வந்திருந்தாள். சீமந்தம் முடிந்து சில நாள்களே ஆகியிருந்தன. துணிகள் துவைத்து மடித்த நிலையில்கூட இல்லை. 33 வாரம் நிறைந்த நாளன்று நள்ளிரவில் வலி கண்டு, விடியற்காலையில் பெண் குழந்தை பிறந்தது. எடை 1,600 கிராம். நாள் நிறைந்து பிறக்கும் குழந்தை 2,500 கிராமுக்குக் குறையக்கூடாது என்பது மருத்துவர்களின் கணக்கு.

வீட்டில் எல்லோர் மனத்திலும் ஒரே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது, ஒருவரும் வாய்திறக்கவில்லை. ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்று கிராமங்களில் சொல்லுவார்களே, அந்தப் பேச்சு. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்ட மருத்துவர் தாமாகவே சொன்னார்: "அம்மா, வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். ஏழில் பிழைப்பது எட்டில் பிழைக்காது என்பது எந்தக் கணக்கிலும் வராது." வங்கிக்காரிக்குப் புரியும் மொழியில் அவர் சொன்னது பெருமாள் சங்கல்பம் என்றே எடுத்துக்கொண்டேன். ஆனாலும் அன்று முழுவதும் என் கை நடுங்கியது.

மாலையில் செவிலியர் ஒருவர் வெளியே வந்து, "பருத்தித் துணியில் தொப்பி இரண்டு, காலுறை, மெல்லிய லங்கோடு கொண்டுவாருங்கள், கடையில் விற்கும் தொப்பி இந்தக் குழந்தைக்குக் கழுத்துவரை இறங்கும்" என்றார். உடம்பின் அளவோடு ஒப்பிட்டால் பச்சைக் குழந்தையின் தலை பெரிது. மூடாமல் விட்டால் உடம்புச் சூடு தலைவழியே வெளியேறிவிடும். குறைமாதக் குழந்தையின் தோலுக்கடியில் கொழுப்பு குறைவு என்பதால், இழந்த சூட்டைத் தானாக மீட்டுக்கொள்ள அதற்கு வலுவில்லை. ஒரு சாண் துணியில் தைத்த தொப்பி அங்கே அலங்காரப் பொருள் அன்று.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். நன்றாகத் துவைத்துத் துவைத்து மெலிந்த துணி என்று பார்த்தால், என் கணவருடைய நான்கு வேட்டிகள்தாம் இருந்தன. அவர் ஆசார்யன் திருவடி அடைந்து அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மற்ற உடைகளையெல்லாம் கொடுத்துவிட்டோம். கோயிலுக்குப் போகும்போது மட்டும் உடுத்திய அந்த நான்கையும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது அவற்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். காலமானவரின் துணியைப் பிறந்த குழந்தைக்குப் போடலாமா? சாஸ்திரம் என்ன சொல்லும்? அதைவிட, கும்பகோணத்திலிருந்து அன்று மதியம்தான் வந்திறங்கியிருந்த சம்பந்தி அம்மாள் என்ன சொல்வார்? ஆசாரத்தில் அவர் மிகக் கண்டிப்பானவர். சீமந்தத்தின்போது யாரோ ஆசையாகக் கொண்டுவந்த கம்பளிக் காலுறையைப் பிறக்கும் முன் கண்ணில் காட்டக்கூடாது என்று திருப்பிக் கொடுத்தனுப்பியவர்.

அவர் கூடத்தில் ஜபமாலையோடு உட்கார்ந்திருந்தார். என் கையிலிருந்த வேட்டியைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "தாத்தா வேட்டியைவிடப் பழந்துணி வேற எங்கே போய்த் தேடப்போறேள்? பெருமாளைச் சேவிக்கக் கட்டிண்ட வேட்டி. மளமளன்னு வெட்டுங்கோ" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஜபத்தைத் தொடர்ந்தார். அந்த அம்மாளிடம் எனக்கு எத்தனையோ விஷயங்களில் கருத்து வேறுபாடு உண்டு. அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அவருக்கு என்றைக்கும் கடன்பட்டவள்.

மெல்லிய ஊசி வீட்டில் இல்லை. விளக்கு வைத்த பிறகு ஊசி இரவல் தருவதில்லை என்பது அடுத்த வீட்டு மாமியின் கொள்கை. விஷயத்தைச் சொன்னதும் அவர் ஊசியை ஒரு தட்டில் வைத்து, தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு, "நான் கொடுக்கலை, நீங்களே எடுத்துக்கோங்கோ" என்றார்.

தொப்பி தைத்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். செவிலியர் அளந்து சொன்ன தலைச் சுற்றளவு 29 செ.மீ. வேட்டித் துணி பனியன் துணியைப்போல இழுபடாது. ஆனால் நேர்வாட்டில் வெட்டாமல் மூலைவாட்டில் வெட்டினால் கொஞ்சம் நெகிழும். தையற்கடையில் கிராஸ் கட்டிங் என்பார்களே, அதுதான். ரவிக்கை தைப்பவர்களுக்குத் தெரியும். 32 செ.மீ. அகலமும் 28 செ.மீ. நீளமுமாக ஒரு துண்டு வெட்டி, நீளவாட்டு ஓரங்களை 1 செ.மீ. விட்டு இணைத்தால் ஒரு குழாய் ஆகிவிடும். அந்தக் குழாயைப் பாதியாக உள்ளுக்குள் மடக்கினால் துணி இரட்டையாகும். தையலின் பிசிறு இரண்டு அடுக்குக்கும் நடுவில் மறைந்துபோகும். மடிப்பு நெற்றிப் பக்கம் வரவேண்டும். அப்போது நெற்றியில் எந்தத் தையலும் அழுத்தாது. திறந்த மேல்பக்கத்தைச் சுருக்கி வெளிப்புறமாக முடிச்சிட்டுத் தைத்துவிட்டால் தொப்பி முடிந்தது. கழுத்தில் கட்டும் நாடா வேண்டாம், பொத்தானும் வேண்டாம்.

காலுறைக்குத்தான் நேரம் பிடித்தது. உட்புறத்தில் ஒரு நூல் தொங்கினாலும் அது குழந்தையின் விரலைச் சுற்றி இறுக்கிவிடக்கூடும். குழந்தை அழும், எதற்கு அழுகிறது என்று நமக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொன்றையும் உள்ளும் புறமுமாகத் திருப்பி, மூக்குக் கண்ணாடியின் மேல் பூதக்கண்ணாடியும் வைத்துப் பார்த்தேன். கிளைகளில் தணிக்கை செய்த காலத்தில்கூட இவ்வளவு கூர்ந்து பார்த்ததில்லை.

நான்காம் நாள் கங்காரு பராமரிப்பைத் தொடங்கினார்கள். தொப்பியும் காலுறையும் லங்கோடும் மட்டும் அணிந்த குழந்தையைத் தாயின் வெற்று மார்பின் மேல் நிமிர்ந்தவாக்கில் கிடத்தி, அகலமான துணியால் இருவரையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். தாயின் உடற்சூடே குழந்தைக்குச் சூடு. தாயின் மூச்சின் அசைவே தாலாட்டு. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகரான பொகோட்டாவில், 1978-ஆம் ஆண்டு, இளஞ்சூட்டுப் பெட்டிகள் போதாமல் தவித்த ஒரு மருத்துவமனையில் எட்கர் ரேய் என்ற மருத்துவர் தொடங்கிய முறை இது. இன்று உலகம் முழுவதும் பின்பற்றுகிறார்கள். கட்டுவதற்கு நாங்கள் கொடுத்தது இரண்டாவது வேட்டி. தந்தையும் இப்படி வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் சொன்னதும் மாப்பிள்ளை முன்வந்தார். திருமணத்தன்று இடுப்பில் வேட்டி நிற்காமல் பெல்ட் கட்டிக்கொண்டவர், மாமனாரின் வேட்டியை மார்பில் கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று பார்த்தேன். அந்த வெள்ளைத் துணியின் கரையை எனக்கு அடையாளம் தெரியும்.

22 நாள்கள் கழித்து, 1,900 கிராம் எடையோடு பேத்தி வீடு வந்தாள்.

வந்த அன்றே அடுத்த சங்கடம் ஆரம்பித்தது. சம்பந்தி அம்மாள் கும்பகோணத்திலிருந்து கடுகுத் தலையணை தைத்துக் கொண்டுவந்திருந்தார். கடுகைப் புடைத்து, கழுவிக் காயவைத்து, மல்மல் துணியில் இரட்டைத் தையல் போட்டு, அழகான வேலை. குழந்தையின் தலை உருண்டையாக அமையும், சளி பிடிக்காது என்று நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வைத்துவரும் தலையணை. ஆனால் மருத்துவர் வீட்டுக்கு அனுப்பும்போதே தெளிவாகச் சொல்லியிருந்தார்: ஒரு வயது வரையில் குழந்தை மல்லாந்து உறங்கவேண்டும், படுக்கை தட்டையாக, அழுந்தாததாக இருக்கவேண்டும், உறங்கும் இடத்தில் தலையணை, பஞ்சுப் பொம்மை, தளர்ந்த போர்வை ஒன்றும் கூடாது. முகத்தின் மேல் ஏதேனும் கவிழ்ந்தால் விலக்கிக்கொள்ள அதற்குத் தெரியாது. தூளி கட்டும் ஆசையையும் சில மாதங்கள் தள்ளிவைக்கச் சொன்னார். தூளியின் வளைவில் தாடை மார்பில் கவிழ்ந்தால், இவ்வளவு சிறிய குழந்தைக்கு மூச்சுக்குழல் மடங்கிவிடலாம். தலை ஒரு பக்கம் தட்டையாகிவிடும் என்று கவலைப்பட்டால், படுக்கவைக்கும்போது முகத்தை ஒரு நாள் இப்பக்கமும் மறுநாள் அப்பக்கமும் திருப்பிவைத்தால் போதும் என்றார்.

இதை அந்த அம்மாளிடம் யார் சொல்வது? வேட்டியை வெட்டச் சொன்னவர் அவர். மகள் என்னைப் பார்த்தாள், மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார். கடைசியில் நானே மருத்துவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தலையணையைத் தம் பையிலேயே வைத்துக்கொண்டார். அன்று இரவு சாப்பாட்டில் உப்பு தூக்கலாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். குழந்தைக்கு எது நல்லது என்பதில் இரண்டு பாட்டிமாருக்குள் வரும் பிணக்கு, வட்டி கட்டாத கடனைப்போல வளரும் என்பது எனக்குத் தெரியும். நாலைந்து நாள் யோசித்தேன். பிறகு அந்தத் தலையணையை அவரிடம் கேட்டு வாங்கி, அதே மல்மல் துணியில் நீலக் கரை வைத்து உறை தைத்தேன். பூஜை அறையில் எங்கள் வீட்டுத் தவழும் கண்ணன் விக்கிரகத்தை அதன் மேல் எழுந்தருளச் செய்தேன். "இவனுக்கு டாக்டர் தடை ஒன்றும் சொல்லவில்லை" என்றேன். அம்மாள் சிரித்துவிட்டார். ஆவணியில் கோகுலாஷ்டமியன்று சீடையும் முறுக்குமாகக் கண்ணன் அந்தக் கடுகுத் தலையணையின் மேல்தான் கொலுவிருந்தான். இன்றும் அங்கேதான் இருக்கிறான்.

விளையாட்டுப் பொருள் என்று நான் முதலில் தைத்தது ஐம்படை. சங்கு, சக்கரம், கதை, வாள், வில் ஆகிய ஐந்தையும் பொன்னில் செய்து குழந்தையின் கழுத்தில் காப்பாக அணிவிப்பது நம் பழைய வழக்கம். ஐம்படைத்தாலி என்று பெயர். பச்சைக் குழந்தையின் கழுத்தில் சங்கிலியும் கயிறும் மாட்டுவது ஆபத்து என்பதால் அதைக் கழுத்திலிருந்து இறக்கிச் சுவருக்கு ஏற்றினேன். பிறந்த குழந்தையின் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரு முழத்துக்கு உட்பட்டதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மங்கிய நிறங்களைவிட வெள்ளையும் கறுப்பும் அடுத்தடுத்து வந்தால் அதன் பார்வை நிற்கும். ஆகையால் வேட்டித் துணியில் சங்கு வெட்டி, சுழியைக் கறுப்பு நூலால் தைத்தேன். சக்கரம் என் பழைய சிவப்புச் சுங்குடிப் புடைவையில். சுங்குடியை வெட்டுவதற்கு முன் ஒரு வெள்ளைக் கைக்குட்டையோடு சேர்த்து இரவு முழுவதும் ஊறவைத்து, கைக்குட்டையில் சாயம் ஏறவில்லை என்று பார்த்துக்கொண்டேன். கதை நன்றாக அமைந்தது. வாள், பஞ்சு அடைத்தபின் வெண்டைக்காயாகிவிட்டது. வில்லைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது. சார்ங்கபாணி பொறுத்தருள வேண்டும்.

ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. ஐந்தையும் அகலமான ஒரு நாடாவில் வரிசையாகத் தைத்து, குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் கண்ணுக்கு நேரே ஒரு முழத்துக்குள் பிடித்துக் காட்டுவோம். வைகாசியில் ஒரு நாள், சங்கை இடமிருந்து வலமாக நகர்த்தினேன். கருவிழிகள் இரண்டும் அதைத் தொடர்ந்து நகர்ந்தன. மீண்டும் வலமிருந்து இடம், மீண்டும் தொடர்ந்தன. உள்ளே ஓடிப்போய் மகளை அழைத்துவந்தேன்.

பிள்ளைத்தமிழ் படித்தவர்களுக்குக் குழந்தையின் வளர்ச்சிக் கணக்கு மனப்பாடம். ஐந்தாம் திங்களில் செங்கீரை: கைகளை ஊன்றி, தலையை நிமிர்த்தி, முகத்தை அசைத்து ஆடுவது. ஒன்பதாம் திங்களில் சப்பாணி கொட்டுதல். ஓராண்டை ஒட்டித் தளர்நடையிட்டு வரும் வருகை. இந்தக் கணக்குத் தெரிந்ததே எங்களுக்குத் துன்பமாயிற்று. குப்புறப் படுத்துப் பழக, பழைய புடைவைகளை ஆறு அடுக்காக வைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்து ஒரு விரிப்புச் செய்திருந்தேன். ஆவணி வந்தது, ஐந்து மாதம் முடிந்தது. விரிப்பின் மேல் கன்னத்தைப் பதித்துக்கொண்டு பேத்தி அப்படியே கிடந்தாள். எதிரே சக்கரத்தை வைத்துப் பார்த்தேன். கதையை வைத்துப் பார்த்தேன். கண் வந்தது, தலை எழும்பவில்லை. கோகுலாஷ்டமிக்கு வாசலில் கண்ணனின் பிஞ்சுப் பாதங்களை மாக்கோலமாக இட்டுக்கொண்டே வந்தவள், பூஜை அறை வரும்முன் இரண்டு தடவை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த பரிசோதனையில் மருத்துவர் விளக்கினார். ஏழு வாரம் முந்திப் பிறந்த குழந்தையின் வளர்ச்சியைப் பிறந்த நாளிலிருந்து எண்ணக்கூடாது; பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணவேண்டும். திருத்திய வயது என்று இதற்குப் பெயர். இரண்டு வயது வரையில் இப்படித்தான் பார்ப்பார்களாம். அந்தக் கணக்கில் அவளுக்கு அப்போது மூன்றரை மாதம்தான். வீட்டுக்கு வந்து நாள்காட்டியில் செங்கீரைப் பருவத்தை ஏழு வாரம் தள்ளிக் குறித்துவைத்தேன். நவராத்திரியில், கொலுப்படிக்கு முன்னால் விரித்திருந்த அந்த ஆறடுக்கு விரிப்பின் மேல், முழங்கைகளை ஊன்றி மார்பை உயர்த்தி மரப்பாச்சியைப் பார்த்துத் தலையாட்டினாள். சம்பந்தி அம்மாள் சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் திருஷ்டி கழித்தார்.

குழந்தை கையை ஊன்றி எழத் தொடங்கிய நாளிலிருந்து, மேலே தொங்கும் எதையும் பிடித்து இழுத்துக்கொள்ளும். ஆகவே ஐம்படையை நாடாவிலிருந்து பிரித்துத் தனித்தனியாக அவள் கையில் கொடுத்தோம். கைக்கு வந்தது அடுத்த கணம் வாய்க்குப் போகும். பொம்மைக்குள் என்ன அடைப்பது என்ற கேள்வி இங்கேதான் முக்கியமாகிறது. போடிநாயக்கனூரில் பணியாற்றியபோது இலவம் பஞ்சின் அருமையை அறிந்தேன். இழைகளுக்குள் காற்று நிறைந்திருப்பதால் அவ்வளவு லேசு. மெழுகுப் பூச்சுப் போன்ற தன்மையால் தண்ணீரில் எளிதில் நனையாது. மெத்தைக்கு அதைப்போல் வேறில்லை. குழந்தையின் வாயில் போகும் பொம்மைக்கு அது ஆகாது என்பது என் முடிவு. துவைத்தால் கட்டி கட்டியாகிவிடும். தையல் விட்டால் பஞ்சு மூக்கில் ஏறும். எனக்கு உதவியது திருப்பூர். அங்கே கிளையில் இருந்தபோது, பனியன் கம்பெனிகளின் வெட்டுத்துணி மூட்டை மூட்டையாகக் கடைகளில் கிடக்கும். அந்த மென்மையான பருத்தித் துண்டுகளை விரல் அகலத்துக்கு நறுக்கி அடைத்தால், வாரம் ஒருமுறை கொதிநீரில் போட்டு அலசி வெயிலில் காயவைக்கலாம்.

கண்ணுக்குப் பொத்தான் வைக்கிறார்கள். நான் நூலால்தான் போடுவேன். மணி, பாசி, சலங்கை எதுவும் துணிக்குள் தனியாகப் போகக்கூடாது. 3 செ.மீ. அகலமுள்ள குழாய்க்குள் நுழையும் எந்தப் பொருளும் குழந்தையின் தொண்டைக்குள்ளும் நுழையலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தைத்து முடித்த ஒவ்வொன்றையும் நான் இரண்டு கையாலும் பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்ப்பேன். பிரிந்துவிட்டால் நல்லது, என் கையிலேயே பிரிந்துவிட்டது.

பட்டுத் துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாயாருக்குச் சாத்திய புடைவை எங்களுக்குப் பிரசாதமாகக் கிடைத்திருந்தது. அதில் பேத்திக்குக் குல்லாய் தைக்கவேண்டும் என்று உறவினர் பலர் ஆசைப்பட்டனர். ஜரிகை அந்தத் தோலைக் கீறும். பட்டைக் கொதிநீரில் போட முடியாது. குழந்தை எப்போது எதை நனைக்கும் என்பது அதன் விருப்பம். தாயார் உடுத்திய வஸ்திரத்தை அப்படி நடத்த எனக்குச் சம்மதமில்லை. தொட்டிலிடும் நாளில் தொட்டிலின் மேல்கம்பில் அதைச் சுற்றினோம். குழந்தையின் மேல் அதன் நிழல் விழுந்தது.

இப்போது அவள் பெங்களூரில் இருக்கிறாள். இரண்டு வயது ஆகப்போகிறது. திருத்திய வயதுக் கணக்கைக் கைவிடும் காலம் வந்துவிட்டது. ஐம்படையில் நான்கு இன்னும் உயிரோடு இருக்கின்றன. சக்கரத்தைத் தோசை என்கிறாள். வெண்டைக்காய் வாள் எங்கோ காணாமற் போய்விட்டது. அதற்காக யாரும் வருந்தவில்லை.

குழந்தை வீடு வந்த பிறகும் அந்தச் சிசுப் பிரிவுக்கு நான் போய்வருகிறேன். மகளை அழைத்துவந்த அன்றே அந்தச் செவிலியர், இன்னும் சில தொப்பிகள் தைத்துத் தரமுடியுமா என்று கேட்டிருந்தார். ஒவ்வொரு வியாழனும் தைத்தவற்றைக் கட்டிக்கொண்டுபோய்க் கொடுப்பேன். அங்கே நீராவியில் தூய்மை செய்துதான் குழந்தைக்கு அணிவிப்பார்கள். எலாஸ்டிக் வைத்தால் அந்தச் சூட்டில் விரைவில் தொய்ந்துவிடும். அதனால் பழைய முறையில் இரட்டை அடுக்கு வேட்டித் துணிதான். பழைய வங்கிப் பழக்கத்தில் ஒரு பதிவேடும் வைத்திருக்கிறேன்: தேதி, சுற்றளவு, எத்தனை கொடுத்தேன், எத்தனை திரும்பின. திரும்பியவற்றில் தையல் விட்டதைச் சரிசெய்து மீண்டும் கொடுப்பேன். சென்ற ஐப்பசியில் ஒரு பதிவுக்கு நேரே திரும்பியது என்ற இடம் காலியாக இருக்கிறது. 25 செ.மீ. தொப்பி. அந்தக் குழந்தையின் தாய், தொப்பியோடேயே கொண்டுபோகிறேன் என்று கேட்டாராம். செவிலியர் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று ரங்கநாதன் சந்நிதியில் அந்தப் பெண்ணுக்காகத்தான் நின்றேன்.

அடுத்த வியாழனுக்கு 23 செ.மீ. சுற்றளவில் ஆறு கேட்டிருக்கிறார்கள். இவ்வளவு சிறிய அளவில் நான் இதுவரை வெட்டியதில்லை. வேட்டிகளில் இரண்டு தீர்ந்துவிட்டன. மூன்றாவதை இன்று காலை துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.